சங்கோசப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்

போன வாரம் காலை நடையின்போது, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது உதவியாளராக இருக்கும் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். வயது நாற்பத்தாறு. "சார், எங்க காலேஜ் செட்டு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணு கூடுறாங்க. போறதா வேண்டாமான்னு யோசனையா இருக்கு" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒருத்தன் அமெரிக்காவுல இருந்து வர்றான். ஒருத்தன் சென்னையில சொந்தமா கம்பெனி வெச்சிருக்கான். நான் இன்னும் ஃபைல் கட்டிக்கிட்டு இருக்கேன். பையன் ஃபீஸுக்கே கடன். அங்க போய் என்னத்தப் பேசறது சார்?"

"அவசியம் போங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காரணத்தை நடுத்தெருவில் நின்று சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1996-ல் எனக்கும் நாற்பத்தாறு வயது. எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. நானும் இதே கணக்கைப் போட்டேன். போகவில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்தவன். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் அது முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில பையன்களின் அப்பாக்கள் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா கொடுக்கவில்லை. அந்த ஒரு தாள்தான் பின்னாளில் எங்களைப் பிரித்தது. கூடப் படித்த ஒருவன் பிரான்சுக்குப் போய் பட்டாளத்தில் சேர்ந்து, 'சொல்தா' ஆகி, ஃபிராங்கில் பென்ஷன் வாங்கினான். நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, திருத்தணிக்கு வந்து இளநிலை உதவியாளராக உட்கார்ந்தேன். இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இது புரியும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தூரும் சித்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கோடு எங்கே விழுகிறது என்பது நம் கையில் இல்லை.

பள்ளிக்கூடம் முடிந்து தாகூர் கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் என்னைக் காப்பாற்றினான். நெசவுக் குடும்பத்துப் பையன். நோட்டில் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவான். மேல்தாள் அவனுக்கு, நகல் எனக்கு. மூன்று வருஷம் அப்படி எழுதினான். அவன் விரலில் எப்போதும் நீல மை. நான் பி.ஏ. தேறியது அந்த நகல்களால்தான்.

25 வருஷம் கழித்துக் கூட்டம் என்று கடிதம் வந்தபோது, காஞ்சிபுரத்திலும் திண்டிவனத்திலும் பஸ் மாறினால் புதுச்சேரி. ஒரு நாள் லீவு போதும். ஆனால் ஒருவன் பேராசிரியர், ஒருவன் வங்கி மேலாளர், இரண்டு பேர் பாரீசிலிருந்து வருகிறார்கள். எனக்கோ பெண்ணின் கல்யாணக் கவலை. போட்டுக்கொண்டு போக நல்ல சட்டைகூட இல்லை என்று மனசு சொன்னது. ஆபீசில் ஆடிட் என்று பொய் எழுதிப் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, 2008-ல், பழைய நண்பர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது. என் கார்பன் நண்பன் அன்று வந்திருந்தானாம். ஒரு மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சமயம் வேலையும் இல்லை. என்னைவிட மோசமான நிலைமை. இருந்தும் வந்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல், "அவன் தூரத்துல இருந்து வரணும், லேட்டாகும்" என்று சாப்பாட்டுப் பந்தி வரை சொல்லிக்கொண்டே இருந்தானாம். 1998-ல் இறந்துபோனான்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் ஒருநாளும் நேரில் பார்த்திராத பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். பாண்டிநாட்டிலிருந்து அவர் எங்கே வரப் போகிறார் என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் வந்தார். எங்கள் ஊர் பாரதிதாசன் எழுதிய 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, நானும் அவனும் கல்லூரியில் இருந்தோம்; அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவன் இடம் ஒதுக்கி வைத்தான். நான்தான் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். இப்படிக் கூட வேண்டிய வயது அறுபது அல்ல, நாற்பத்தைந்து. அறுபதில் எல்லோரும் சமம். சர்க்கரை, முழங்கால், பென்ஷன் இவைதான் பேச்சு. யாருக்கும் யாரைப் பார்த்தும் கூச்சமில்லை. நாற்பத்தைந்தில்தான் பிள்ளை படிப்பு, பெற்றோர் வைத்தியம், வீட்டுக் கடன் எல்லாம் ஒன்றாகக் கழுத்தில் உட்காரும். அடுத்தவனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அப்போதுதான் அதிகம். கூட்டத்துக்கு வராமல் இருக்கத் தோன்றும் வயதும் அதுதான்; சிநேகிதன் தேவைப்படும் வயதும் அதுதான். அந்த வயதில் ஆபீசில் சார், வீட்டில் அப்பா, தெருவில் அண்ணன். 'டா' போட்டுக் கூப்பிட ஆளே இருக்காது. பிரெஞ்சிலும் 'வூ' என்று மரியாதையாக அழைப்பது வேறு, 'தூ' என்று உரிமையோடு அழைப்பது வேறு. அந்தத் 'தூ'வைச் சொல்லக் கூடப் படித்தவன்தான் வேண்டும்.

2018-ல் '96' படம் வந்தபோது, "எல்லாரும் பழைய காதலியைப் பார்க்கத்தான் போறாங்க" என்று என் மனைவி கேலி செய்தாள். இருக்கட்டும். ஆனால் பலர் தேடிப் போவது தன்னை ஒருகாலத்தில் காப்பாற்றியவனை.

கூட்டம் நடத்துபவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மேடை ஏற்றி ஒவ்வொருவரையும் என்ன வேலை, எங்கே வீடு என்று சொல்லச் சொல்லாதீர்கள். ஆளுக்கு இவ்வளவு என்று விகிதம் போடாதீர்கள். முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப்பில் தகவல் போட்டுவிட்டு, வராதவனை விட்டுவிடாதீர்கள். யாராவது ஒருவர் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களை இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டுத் தேடுங்கள்.

நம் ஊர் மலைக்கு 365 படி. கார் பாதையும் இருக்கிறது. படியேறி மூச்சு வாங்க வந்தவரும் காரில் வந்தவரும் மேலே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

நேற்று சாயங்காலம் அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காபி கொடுத்தார். கிளம்பும்போது, "என்கூட ஹாஸ்டல்ல இருந்தவன் ஒருத்தன், எனக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டினவன் சார்" என்றார். கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு. அன்று காலை அவரைப் பஸ் ஏற்றிவிட நானே போகிறேன்.