மூன்று மாத ஊசியும் தாராவியின் கழிப்பறை வரிசையும்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் டிஎம்பிஏ கருத்தடை ஊசியை ஒன்றிய அரசு 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் இலவசமாக வழங்கி வருகிறது. தொடக்கத்திலேயே இத்திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில் மகாராஷ்டிராவும் ஒன்று. கருத்தரிப்பைத் தடுப்பதில் இந்த ஊசி திறன் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு பலருக்கும் ஏற்படுகிறது. மருத்துவக் கையேடுகள் இதனை அபாயமற்ற பக்கவிளைவு என்கின்றன.

இந்த மதிப்பீடு வீட்டுக்குள் கழிப்பறையும் கையில் பணமும் ஓய்வும் உள்ள பெண்ணை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் வாழும் பெண், வரிசையில் நின்று பொதுக் கழிப்பறைக்குப் போகிறார். பல இடங்களில் அதற்கும் காசு தர வேண்டும். இரு வாரங்கள் விட்டுவிட்டு உதிரம் போனால் அணையாடைச் செலவு கூடுகிறது. துணி தைத்தும் இட்லி அவித்தும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு, எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் வருமானம் குறைகிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) மகாராஷ்டிரப் பெண்களில் 54 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களிடம் ‘சிறிது உதிரம்தானே’ என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

அடிவயிற்று வலியும் சேர்ந்தால் நிலைமை வேறு. கருப்பைத் தொற்று, நார்த்திசுக் கட்டி, அரிதாகக் கருப்பைக்கு வெளியே தரித்த கரு என எதுவும் காரணமாக இருக்கலாம். பரிசோதித்தே ஆக வேண்டும். ‘ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும்’ என்று திருப்பி அனுப்பினால் நோய் மறைந்தே வளரும். மாத்திரையை இன்றே நிறுத்தலாம். உடலில் ஏறிய ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே தொடர் கண்காணிப்பு இந்த முறையின் பிரிக்க முடியாத பகுதி.

பெண்கள் இயக்கம் இதை முன்பே சொன்னது. 1985இல் ஐதராபாத் அருகே பட்டன்செருவில், பரிசோதனை என்பதை முறையாகத் தெரிவிக்காமலே பெண்களுக்கு நெட்-என் என்ற ஊசி போடப்பட்டது. ஸ்த்ரீ சக்தி சங்கட்டனாவும் டெல்லியின் சஹேலியும் 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றன. அந்த ஊசியை வெகுமக்கள் திட்டத்தில் சேர்ப்பதில்லை என அரசு கூறியதையடுத்து 2000இல் வழக்கு முடிந்தது. பெயர் மாறி வேறொரு ஊசி வந்துவிட்டது. கண்காணிக்கும் ஆட்களும் வசதியும் அதே வேகத்தில் வரவில்லை.

ஊசியைத் தடை செய்வதே தீர்வு என்பதல்ல. ஆணுறைக்கு மறுக்கும் கணவனிடம் சொல்லாமலே ஒரு பெண் பயன்படுத்தக்கூடிய முறை இது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. அதே கணக்கெடுப்பின்படி நாட்டில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 0.3 விழுக்காடு மட்டுமே. சுமை முழுவதும் யார் உடலில் ஏற்றப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வீடு வீடாகச் சென்று விசாரிக்க வேண்டியவர்களை மும்பை மாநகராட்சி ‘தன்னார்வலர்கள்’ என்றே அழைக்கிறது. உரிய ஊதியம் தராமல் இருப்பதற்கு எவ்வளவு அழகான பெயர்! அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்பதும் இப்பெண்களின் உடல்நலமும் ஒரே கோரிக்கை. ஜி வடக்கு வார்டின் சுகாதார நிலையங்களில் வேலை முடிந்த மாலை நேரத்தில் பெண் மருத்துவர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் வசதி ஆகியவை இருக்க வேண்டும். இரண்டாவது ஊசிக்கு முன், முதல் ஊசி என்ன செய்தது என்று தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கேட்டுப் பதிய வேண்டும்.