கோடிங் கிளாஸும் குர்லா ஸ்டேஷனும்

மாட்டுங்கா மார்க்கெட்டில் நம்மவர்கள் நாலு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் "பாட்டு கிளாஸா, அபாகஸா?" என்று கேட்பார்கள். இப்போது "கோடிங் சேர்த்தாச்சா?" இல்லை என்றால், குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போடாதவனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், கம்ப்யூட்டர் ஆசாமி இல்லை. ஆனாலும் சொல்கிறேன், இந்த கிளாஸ்களில் பாதி விற்பது பயத்தைத்தான். 2020 ஞாபகம் இருக்கிறதா? இதே மும்பையின் ஒயிட்ஹேட் ஜூனியரை பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரத்தில் 'உல்ஃப் குப்தா' என்று ஒரு பொடியன், கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளமாம். அப்படி ஒரு பையனே கிடையாது! அந்த அக்டோபரில் விளம்பரத் தரக் கவுன்சில் சொன்னபிறகு ஐந்து விளம்பரங்களை எடுத்தார்கள். 2024-இல் பைஜூஸே திவால் வழக்கில் மாட்டியது. பயம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

செம்பூரில் எங்கள் பில்டிங் பையன் ஒருவன் ஒரு வருஷம் கிளாஸ் போய், சர்டிபிகேட்டோடு ஒரு கேமும் காட்டினான். மேலிருந்து ஆப்பிள் விழும், கூடையில் பிடிக்க வேண்டும். "பக்கத்திலிருந்து வர வையேன்" என்றேன். முழித்தான். "மிஸ் இப்படித்தான் போடச் சொன்னாங்க அங்கிள்." இதற்குப் பெயர் கோடிங்கா, காப்பி எழுதுவதா?

என் மகளிடம் ஸ்கிராட்ச் கொடுத்தேன். 2007-இல் எம்.ஐ.டி. வெளியிட்டது, பைசா செலவில்லை. ஒரே நிபந்தனை: ஆட்டம் உன்னுடையது, அப்பா தோற்கணும், தோற்றாலும் திரும்ப ஆடத் தோணணும். குர்லாவை எடுத்துக்கொண்டாள். ஹார்பர் லைனில் இறங்கி, பாலம் ஏறி, மெயின் லைன் வண்டியைப் பிடிக்க வேண்டும். மூன்று வண்டி விட்டால் அவுட். முதல் தடவை நான் பத்து விநாடியில் ஜெயித்துவிட்டேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. கூட்டத்தை ஏகத்துக்கும் கூட்டினாள், யாராலும் ஏறவே முடியவில்லை (நிஜ குர்லா!). அப்புறம்தான் யோசனை வந்தது: ஒவ்வொரு வண்டி பிடித்ததும் இரண்டு பேர் மட்டும் கூடட்டும். அந்த எண்ணிக்கையை எங்கே வைப்பது? தேடினாள், 'வேரியபிள்' கிடைத்தது. வண்டி திரும்பத் திரும்ப வர லூப். தவறவிட்டால் ஒரு உயிர் குறைய 'இஃப்'. நான் எதையும் சொல்லித்தரவில்லை, எனக்கே தெரியாது.

யோசித்தால் பல்லாங்குழியும் இதுதானே? வெறுங்குழி வரும்வரை போட்டுக்கொண்டே போ. நாலு சேர்ந்தால் பசு.

"வசதி உள்ளவர்கள் கதை இது" என்பவர்கள் தாராவியைப் பாருங்கள். அங்கே நயா நகரில் ஆவணப்பட இயக்குநர் நவ்னீத் ரஞ்சனின் 'தாராவி டைரி' திட்டத்தில் சேர்ந்த சிறுமிகள், எம்.ஐ.டி.யின் இலவச ஆப் இன்வென்டரை வைத்துச் செயலிகள் செய்தார்கள். 'பானி ஹை ஜீவன்' பொதுக்குழாயில் உங்கள் முறை வந்ததும் சொல்லும். 'விமன் ஃபைட் பேக்' ஆபத்தில் அலாரம் அடிக்கும். இவை கேம் இல்லைதான். ஆனால் குடத்தோடு வரிசையில் நின்றவளுக்கு அந்த வரிசையை எப்படி ஒழுங்கு செய்வது என்று எந்த மிஸ் சொல்லித்தர முடியும்? சவாலே அவளுடையது.

ஆகவே நண்பர்களே, லீவுக்குப் பணம் கட்டும் முன் கிளாஸ்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "என் பெண் தானே யோசித்த ஆட்டத்தை அவள் தோழி ஆடிப் பார்த்து, குறை சொல்லி, இவள் மாற்றுவதற்கு எத்தனை வகுப்பு வைத்திருக்கிறீர்கள்?" பதிலுக்கு "சார், இன்னிக்குச் சேர்ந்தா டிஸ்கவுண்ட்" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.