கையொப்பமிடுமுன் படிப்போம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். மருத்துவக் காப்பீடும் அத்தகைய ஓர் அணையே. ஆனால் அணையில் ஓட்டை இருப்பது வெள்ளம் வந்த பின்னரே தெரிந்தால் என்ன பயன்?

நம் இல்லங்கள் பலவற்றில் முகவர் காட்டிய இடத்தில் கையொப்பமிடுவதே வழக்கமாக இருக்கிறது. "பிரீமியம் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறோம். "எதற்குப் பணம் தர மாட்டீர்கள்?" என்று கேட்போர் சிலரே. இந்த இரண்டாம் கேள்வியே முதன்மையானது என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 3 லட்ச ரூபாய் பாலிசி ஒன்றில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் எனக் கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமே பாதி குறையும் என்று எண்ணுவோம். அப்படியன்று! இத்தகைய பாலிசிகள் பலவற்றில் மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும்கூட அதே விகிதத்தில் குறைக்கப்படும். கணக்குப் பாடத்தில் நாம் பயின்ற விகிதந்தான் இது!

சர்க்கரை நோய் போன்று முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024ஆம் ஆண்டு விதிப்படி அது 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. அதற்கு அஞ்சி நோயை மறைத்தால், பின்னர் பணமே மறுக்கப்படலாம். உண்மை உரைப்பது அறம் மட்டுமன்று, பாதுகாப்புமாகும்.

பணம் கட்டி வாங்குமுன் அரசின் உதவி நமக்கு உண்டா என்றும் பார்க்க வேண்டும். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் பிரீமியம் கட்டாமலே சேரலாம். ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

தோழியரே, இதில் நமக்கென்ன வேலை என்று எண்ண வேண்டாம். பாலிசியுடன் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தரப்படுகிறது. கேட்டால் தமிழிலும் பெறலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், பிடிக்கவில்லையெனில் திருப்பித் தரவும் உரிமையுண்டு. அத்தாளை நம் பெற்றோருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் நாம் வாசித்துக் காட்டலாமன்றோ? மருத்துவமனை வாசலில் கண்ணீருடன் படிப்பதைவிட, வீட்டில் அமைதியாக அமர்ந்து படிப்பது மேல்.

நாம் பெற்ற கல்வி பிறர் துன்பத்தைக் குறைக்க உதவட்டும். முதலில் படிப்போம், பிறகு கையொப்பமிடச் சொல்வோம்!