கட்டிங் கோணல் செக்கிங்கில் தீருமா?



பனியன் கம்பெனியிலே உழைப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கட்டிங்கிலே நேர்ந்த கோணலை, செக்கிங் மேசையிலே ஆளைக் கூட்டி நிமிர்த்திவிட முடியாது. துணிக்குரிய இவ்வுண்மை கல்விக்கும் உரியதே.

பகலெல்லாம் பவர் டேபிளில் தைத்துவிட்டு, இரவிலே பட்டப்படிப்புக்குக் கண்விழிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். லைன் வீட்டிலே ஓர் அறை, உறைவோர் நால்வர், கைப்பேசி ஒன்று. இத்தகையோர்க்கும் கல்வி எட்டவேண்டும் என்றுதானே 2017-இல் ஸ்வயம் தளத்தைத் தொடங்கினர்? கதவு திறந்தது, ஆனால் வாயிலிலே ஐயம் காவல் நிற்கிறதே!

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் இணையவழித் தேர்வு நடத்திற்று. மாணவரின் அசைவையும் ஓசையையும் கணினி கண்காணித்தது. முறைகேடு என ஐயுற்றுப் பலரின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. குமுறல் எழுந்தது, மே திங்களில் மறுதேர்வை அரசு அறிவித்தது. ஓரறை வீட்டிலே குழந்தை அழுதால், அது குற்றத்தின் குரலா?

அப்படியாயின், காப்பியடிப்போரை விட்டுவிடலாமா? கூடாது! களவு விடையால் வாங்கிய பட்டம், கண்விழித்துப் பெற்ற பட்டத்தின் மதிப்பையும் கெடுக்கும். வேறு செல்வமில்லாத ஏழைக்கே அதனால் பேரிழப்பு.

நேர்மையைக் காக்க வாயிலை அடைக்கவேண்டுமா? எழுதும்போது கை இறுகும் நோயுடைய விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்தர் வேண்டினார். சலுகை தவறாகப் பயன்படும் என்று அஞ்சியது தேர்வாணையம். அவ்வச்சம் உரிமையை மறுக்கக் காரணமாகாது என்று 2021 பிப்ரவரி 11-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, பாடத்தை வகுக்கும்போதே இரண்டையும் சேர்த்து வகுத்திடுக! செவி கேளாதார்க்கு ஒளிப்படப் பாடத்தின் கீழ் எழுத்து. பார்வையற்றோர்க்குக் கணினி வாசித்துக் காட்டும் பாடம். சிறு கைப்பேசியிலும் இறங்கும் ஒலிப்பதிவு. ஒரே நாளில் தலையெழுத்தை முடிக்காமல், வாரந்தோறும் சிறு பயிற்சி. பிறர் தாளிலிருந்து பெயர்த்தெழுத இயலாதபடி, அவரவர் தொழிலிலிருந்தே வினா. ஐந்து நிமிட வாய்மொழித் தேர்வு. இறுதித் தேர்வோ, என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு நடப்பதுபோல் மையத்திலே, மனிதர் மேற்பார்வையிலே. அம்மையம் திருப்பூரிலேயே, ஞாயிறன்று! கணினி ஐயுறலாம், மாணவரைக் கேளாமல் தீர்ப்பெழுதலாகாது.

கட்டிங்கைத் திருத்துங்கள், கல்வியாளர்களே! செக்கிங் தானே எளிதாகும். உழைக்கும் மக்கள் கேட்பது தளர்ந்த அளவுகோலை அன்று. எல்லோர்க்கும் எட்டும் நேரிய அளவுகோலை!