ஒன்பது அடுக்கைக் காயப்போட்டு எடுத்த கணக்கு

குறியாக்கத்தை வேகப்படுத்த, திரும்ப நிரல்படுத்தக்கூடிய சிப்பான எஃப்.பி.ஜி.ஏ. வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை என்று சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்தார். தானே அளந்து பார்த்ததாகவும், சாதாரண சர்வரின் பிராசசரே அந்தச் சிப்பை முந்திவிட்டதாகவும் அட்டவணை போட்டிருந்தார். அந்த அட்டவணையைக் காட்டித்தான் எங்கள் குழுவின் கொள்முதல் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே பதில் சொல்லியே தீரவேண்டும். எண்கள் சரியாகவே இருக்கலாம். அளந்த முறை தவறு, அதுவும் அடிப்படையே தெரியாத தவறு.

அவர் ஓட்டியது ஏ.இ.எஸ்.-128, சி.பி.சி. முறை, ஒரே ஒரு இணைப்பு. சி.பி.சி.யில் முந்தைய துண்டு குறியாகி வெளியே வந்தால்தான் அடுத்த துண்டை அதோடு கலந்து உள்ளே அனுப்ப முடியும். சிப்பிலோ ஏ.இ.எஸ்.-128இன் பத்துச் சுற்றையும் பத்து அடுக்காக விரித்து வைத்திருக்கிறார். எந்த நொடியில் பார்த்தாலும் ஓர் அடுக்குதான் வேலை செய்யும், மற்ற ஒன்பதும் காய்ந்து கிடக்கும். பத்துச் சித்தாள்களை வரிசையாக நிறுத்திவிட்டு, முதல் செங்கல் மாடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன் என்று கீழே இருப்பவர் அடம்பிடித்தால், வேலை நகரவில்லை என்று சித்தாள்களைத் திட்டுவது என்ன நியாயம்?

ஜி.சி.எம். முறையில் ஒரு துண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எல்லா அடுக்கும் நிறைந்து ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் 128 பிட் வெளியே வரும். 250 மெகாஹெர்ட்ஸில் அது நொடிக்கு 32 கிகாபிட். சி.பி.சி.தான் வேண்டுமென்றாலும் பத்து இணைப்புகளை மாற்றி மாற்றி ஊட்டினால் பத்து அடுக்கும் நிறைந்துவிடும். இத்தனைக்கும் 2018இல் வந்த இணையப் பாதுகாப்பு நெறிமுறையான டி.எல்.எஸ். 1.3 சி.பி.சி.யை அடியோடு நீக்கிவிட்டது.

மடிக்கணினிக்கும் சின்ன இணையதளத்துக்கும், 2010 முதல் இன்டெல் பிராசசருக்குள்ளேயே வரும் ஏ.இ.எஸ். கட்டளைகள் தாராளமாகப் போதும். அதை யாரும் மறுக்கவில்லை. இந்தச் சிப்பைக் கேட்பவர்கள் 100 கிகாபிட் இணைப்புகளைச் சுமக்கும் தரவு மையக்காரர்கள். குறியாக்கம் தின்னும் ஒவ்வொரு கோரும் அவர்களுக்கு வாடகை வராத கோர்.

நண்பர் ஸ்டார்பிளீட் ஓட்டையைக் காட்டி, திரும்ப நிரல்படுத்தக்கூடிய சிப்பே ஆபத்து என்கிறார். 2020இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் ஸைலிங்ஸ் 7 வரிசைச் சிப்புகளில் கண்டுபிடித்த குறை அது. உண்மையிலேயே பெரிய குறை. ஆனால் அது இருந்த இடம் எது? கட்டமைப்புக் கோப்பின் பூட்டைத் திறக்கும் பகுதி, அதாவது அந்தச் சிப்பில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட, மாற்றவே முடியாத பகுதி. அதனால்தான் திருத்தம் அனுப்பிச் சரிசெய்ய முடியவில்லை. அவர் கொண்டுவந்த சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது.

அவர் தொடாமல் விட்ட விஷயம்தான் எனக்குப் பெரிது: குறியாக்க முறைகளே மாறிக்கொண்டிருக்கின்றன. 2022 ஜூலையில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கும் குறியாக்கத்துக்கான தேர்வில் அடுத்த சுற்றுக்கு அனுப்பிய சைக் முறை சில வாரங்களில் உடைந்தது. அதன் ஒரு வடிவத்தை உடைக்க ஒற்றை கோரும் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் போதுமாயின. அதை நம்பி நிரந்தரச் சிப் வார்த்தவர் தூக்கிப்போட வேண்டியதுதான். எஃப்.பி.ஜி.ஏ.வில் எழுதியவர் வேறு வடிவத்தை ஏற்றிக்கொள்வார். 2024 ஆகஸ்டில் தரமாக அறிவிக்கப்பட்ட எம்.எல்.-கெம் முறையோ பல்லுறுப்புக் கோவைகளைப் பெருக்கி, 3329ஆல் வகுத்த மீதியை எடுக்கும் கணக்கு. நண்பர் நம்பியிருக்கும் ஏ.இ.எஸ். கட்டளைகளுக்கு அங்கே வேலையே இல்லை.

அதே போர்டில் ஜி.சி.எம். முறையை, பல இணைப்புகளோடு, அவர் மறுபடி ஓட்டட்டும். வரும் எண்களை இதே பக்கத்தில் வெளியிடட்டும். அதுவரை பழைய அட்டவணையைத் திரும்பப் பெற வேண்டும்.