கடிதத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள்



வரவேண்டிய கடிதம் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் ஆபீஸ் கிராணியைக் கேட்போம். அவர் பட்டணத்துத் தபாலாபீசைக் கைகாட்டுவார். அங்கே இருப்பவர், "மேலிடத்தில் கேளுங்கள்" என்பார். அந்த மேலிடம் எது? அங்கே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர் யார்? இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டு அஞ்சல் துறை ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன அமைப்பு. ஆகவே கதையை இங்கிலாந்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்றொரு பதவி இருந்தது. தமிழில் அஞ்சல் தலைமை அதிபர் எனலாம்.

இதற்கு வித்திட்டவர் எட்டாம் ஹென்றி மன்னர். 1516-ஆம் ஆண்டில் பிரையன் டியூக் என்பவரை அஞ்சல் தலைவராக வைத்துக்கொண்டார். ஊருக்கு ஊர் குதிரைகளைத் தயாராக நிறுத்தி அரசாங்க ஓலைகளை விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. ஏழை எளியவர்களின் கடிதத்துக்கும் அந்தக் குதிரைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1635-இல்தான் முதலாம் சார்லஸ் மன்னர் பொதுமக்களுக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டார். அதிலும் கஜானாவுக்குப் பணம் வரும் என்ற கணக்கு இருந்தது.

மன்னர் போய்க் குரோம்வெல் ஆட்சி வந்தபோது, இந்த இலாகா யார் கைக்குப் போயிற்று தெரியுமா? ஜான் தர்லோ என்பவர் கைக்கு. உளவு வேலையைக் கவனித்தவரும் அவரே! ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்தால் சதிகாரர்களைப் பிடித்துவிடலாம் அல்லவா? ஆக, ஆரம்பத்தில் இந்தப் பதவி மக்களுக்குப் பதில் சொல்வதற்காக ஏற்பட்டதல்ல. மக்களைக் கண்காணிப்பதற்கும் பணம் சேர்ப்பதற்கும் ஏற்பட்டது.

மாற்றம் ஒரு சிறு முத்திரையில் தொடங்கியது. 1660-இல் ஹென்றி பிஷப் என்பவர் ஆண்டுக்கு 21,500 பவுன் குத்தகைக்கு இந்தப் பதவியை எடுத்தார். கடிதங்கள் தாமதமாகின்றன என்று ஒரே புகார். உடனே அவர், கடிதம் அலுவலகத்துக்கு வந்த நாளையும் மாதத்தையும் அதன்மேல் குத்தும் முறையை 1661-இல் கொண்டுவந்தார். இனித் தபால்காரர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சாக்குச் சொல்ல முடியாது. இன்று உறையின்மேல் நாம் பார்க்கும் தேதி முத்திரைக்கு அதுவே முன்னோடி. மக்களின் புகாருக்கு அஞ்சி வந்த முத்திரை அது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த பெரிய மாற்றம் 1840-இல் வந்தது. அதுவரை பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கட்டணம் கொடுப்பார். தூரத்துக்கு ஏற்ப, தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி ஏறும். மகன் எழுதிய கடிதத்தைக் காசில்லாமல் திருப்பி அனுப்பிய தாய்மார் எத்தனை பேரோ! ரோலண்ட் ஹில் என்பவர், நாட்டுக்குள் எங்கு அனுப்பினாலும் ஒரு பென்னி, அதை அனுப்புகிறவரே முன்கூட்டிச் செலுத்தட்டும் என்றார். அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் லிச்ஃபீல்டு பிரபு இது நடக்கிற காரியமா என்று ஏளனம் செய்தார். ஆனால் திட்டம் நடந்தது. உலகின் முதல் ஒட்டு முத்திரையான 'பென்னி பிளாக்'கும் அந்த ஆண்டு பிறந்தது. ஒரே ஆண்டில் கடிதங்கள் சுமார் 7 கோடியே 60 லட்சத்திலிருந்து 16 கோடியே 90 லட்சமாக உயர்ந்தன.

இந்த நாற்காலியில் அமர்ந்தவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஹென்றி ஃபாசெட். 25-ஆம் வயதில், வேட்டைக்குப் போன இடத்தில், தந்தையின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு இரு கண்களையும் இழந்தவர். ஆனாலும் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார், நாடாளுமன்றம் புகுந்தார். இந்திய மக்களின் வரிப்பணம் வீணாவதை அங்கே தட்டிக் கேட்டதால் 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே அவரை அழைத்தார்கள். 1880-இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனார். ஒரு ஷில்லிங் இருந்தால்தான் அஞ்சலகச் சேமிப்பில் போடலாம் என்றிருந்த காலம். ஏழைக்கு ஏது ஒரு ஷில்லிங்? ஒரு பென்னி முத்திரைகளை வாங்கித் தாளில் ஒட்டிவாருங்கள், பன்னிரண்டு சேர்ந்ததும் கணக்கில் வரவு வைக்கிறோம் என்றார். 1883-இல் பார்சல் சேவையையும் தொடங்கினார். கண் தெரியாதவர் கண்ட ஏழையின் கஷ்டம், கண் தெரிந்த பலருக்குத் தெரியவில்லை!

பிறகு தந்தி, தொலைபேசி, 1909 முதல் முதியோர் உதவித் தொகை என அஞ்சலகத்தின் சுமை கூடியது. ஏதாவது ஊரில் தபால் தாமதமானாலும் உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கலாம்; போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் பதில் சொல்லியாக வேண்டும்.

1969 அக்டோபர் முதல் தேதியோடு அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. அஞ்சலகம் தனிக் கழகமாயிற்று. கடிதம் பட்டுவாடா செய்யும் பிரிவு 2013-இல் பங்குச் சந்தைக்குப் போனது. கிளை அஞ்சலகங்களை நடத்தும் நிறுவனம் மட்டும் அரசிடம் தங்கியது.

அந்த நிறுவனத்தில் நடந்த கொடுமையைக் கேளுங்கள். 1999 முதல் கிளைகளில் புதிய கணினி முறை வந்தது. அது தவறாகக் கணக்குக் காட்ட, கிளை நடத்தியவர்கள் பணத்தைத் திருடினார்கள் என்று வழக்குப் போடப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் பலர். அமைச்சர்களிடம் முறையிட்டபோது, அது நிறுவனத்தின் காரியம், நாங்கள் தலையிடுவதில்லை என்ற பதிலே கிடைத்தது. 2019-இல் நீதிமன்றம் கணினியின் கோளாறை உறுதிசெய்தது. 2024-இல்தான் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தார்கள். பழைய பதவி இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கைகழுவ முடியாத ஒருவர் இருந்திருப்பார்.

நம் நாட்டிலும் பாதை ஏறக்குறைய இதுவே. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1974-இல் தேசிய சேமிப்பு வங்கியானது. 1992 ஜனவரியில் அஞ்சல் துறை போஸ் மலேசியா நிறுவனமானது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு இப்போது தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் இருக்கிறது. சிங்கப்பூரில் அது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வேலை.

ஆகவே வாசகர்களே, பதிவுத் தபாலின் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொருள் வந்து சேரவில்லை என்றால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையேல் ஆணையத்துக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி பக்கத்து வீட்டில் இருந்தால் அவருக்காக நீங்கள் எழுதிக் கொடுங்கள். தேதியைப் போட மறக்காதீர்கள். 1661-இல் அந்த முத்திரை பிறந்ததே, நம்மைப் போன்றவர்கள் விடாமல் கேட்டதனால்தான்.