மலைக்குப் போதல்

சென்ற கிழமை பத்தாம் வகுப்பிலே ஐந்திணைப் பாகுபாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் தெய்வம் சேயோன், பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினோம். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், மலை எண்டால் எப்பிடி இருக்கும்? நான் கீரிமலை மட்டுந்தான் பார்த்திருக்கிறன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம். கீரிமலையிலே நகுலேச்சரம் உண்டு, கேணி உண்டு, கடல் உண்டு, மலை மாத்திரம் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்து வளரும் பிள்ளைக்குத் தரைக்கு மேலே உயர்ந்து தோன்றுபவை பனையும் கோபுரமுமே. ஆகவே அவன் வினாவிற் பிழையில்லை. ஆனால் அதற்கு உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. மணி அடித்தது, தப்பினோம்.

நாம் மலையிலே பிறந்தோம். ஹட்டனுக்கு அப்பால், கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே, ஒற்றைக் காம்பராவிலே பிறந்தோம். 2002ஆம் ஆண்டு, நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர், ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியுமாகப் பல்கலைக்கழகப் படிப்புக்கென யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணம் எமக்குப் பட்டம் தந்தது, தொழில் தந்தது, வாழ்க்கைத் துணையையும் தந்தது. நன்றி மறப்பது நன்றன்று. எனினும், சித்திரை வெயில் கூரையை எரிக்கும் நண்பகலிலே, பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று மூடுபனி மணக்கும். மூடுபனிக்கு மணம் உண்டோ என்று கேட்பீர்கள். நனைந்த கம்பளியும், பாசி படர்ந்த கருங்கல்லும், தேயிலை ஸ்டோரிலிருந்து காற்றோடு வரும் வாசனையும் ஒன்றாய்க் கலந்த மணம் அது. அங்கே பிறந்தவர் அறிவர்.

இந்த ஏக்கத்தை நாம் பல்லாண்டுகளாகப் பெருமையோடு பேணி வந்தோம். ஆண்டுக்கு இருமுறை, பெரும்பாலும் பொங்கலுக்கும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும், ஊருக்குப் போவோம். போய் இறங்கியதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, லயத்துக்கு முதுகைக் காட்டியபடி மலைகளைப் பார்த்து நிற்போம். தொலைவிலே சிவனொளிபாதமலை நீலமாய் எழுந்து நிற்கும். யாத்திரைக் காலமாயின் இரவிலே அதன் படிவழி விளக்குகள் ஒரு மாலைபோல் வானத்திலிருந்து தொங்கும். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறையும். எமக்குப் பின்னால், அடுப்படிப் புகையினுள்ளே, எம் அன்னையார் தேநீர் ஆற்றிக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை அவரிடம், "அம்மா, இந்த மலையைப் பார்க்காமல் அங்கே எனக்கு இருக்கவே முடிவதில்லை" என்றோம். அவர் சிரித்தார்.

"ஏன் தம்பி, அதுல என்னா இருக்கு? நாப்பது வருசம் மலைக்குப் போனவ நானு. ஒரு நாளு கூட மலையப் பாத்ததில்ல. கொழுந்தத்தான் பாத்தேன்."

வாசக நேயர்கள் இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்து வழக்கிலே 'மலை' என்பது தேயிலை நட்ட வேலைத்தளம். ஒவ்வொரு மலைக்கும் ஓர் இலக்கம் உண்டு: ஐந்தாம் நம்பர் மலை, எட்டாம் நம்பர் மலை என்பர். 'மலைக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல். விடியலிற் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, இடுப்பிற் படங்கு கட்டி, தலையிற் கொங்காணி போட்டு, கூடையின் கயிற்றை நெற்றிக்கு ஏற்றி, அட்டை ஏறாதிருக்கக் காலிற் சவர்க்காரம் பூசிக்கொண்டு, தமக்கு ஒதுக்கிய நிரையிலே மழையென்றும் பனியென்றும் பாராமற் கொழுந்து பறித்தல். நிறுவையிலே கொழுந்து குறைந்தால் அன்றைய நாள் 'அரைப்பேர்' ஆகிவிடும். பாதிச் சம்பளம் என்பது பொருள். நாம் மலை என்று சொன்னதும் அன்னையார் மலை என்று சொன்னதும் எழுத்தால் ஒன்று, பொருளால் வேறு. தமிழ் கற்பிக்கும் எமக்கு இந்த வேறுபாடு புலப்பட நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

அதை முற்றாகப் புலப்படுத்தியது 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல். அப்பேரிடரிலே நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளில் அகப்பட்டு மாண்டோர் மிகப் பலர். நான்கு நாட்கள் ஊரோடு தொலைபேசித் தொடர்பு இல்லை. நல்லூரான் வாசலிலே நின்று நாம் வேண்டிக்கொண்டது ஒன்றே: லயத்துக்குப் பின்னாலிருக்கும் மலை நிற்க வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகளாக நாம் ஏங்கிய மலை, எங்கள் வீட்டின்மேல் விழக்கூடியது என்பதை எம் ஏக்கம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் அண்ணனின் குரல் கேட்டது. பின்புற மண்மேடு சரிந்து இரண்டு காம்பராக்களின் சுவர்கள் விழுந்தன. இரவோடிரவாக எல்லோரும் பாடசாலைக்குப் போய்விட்டபடியால் உயிருக்குச் சேதமில்லை. லயங்கள் கட்டப்பட்ட காலத்திலே, வேலைத்தளத்துக்கு அணித்தாயிருத்தலே பெரிதாக எண்ணப்பட்டது. சரிவை வெட்டித் தட்டாக்கி, அந்த வெட்டுமுகத்தின் அடியிலேயே வரிசையாய்க் கட்டிவிட்டார்கள். நாட்கணக்கில் அடைமழை பெய்து மண் நீரை உண்டு கனத்தால், வெட்டிய மேடு முதலிற் சரியும்.

2026 தைப்பொங்கலை ஒட்டி, மனைவியும் மகளும் உடன்வரப் புறப்பட்டோம். அன்னையாரை எங்களோடு யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்துவிடுவது என்பது எங்கள் முடிவு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ9 வீதியின் நீளம் ஏறக்குறைய 325 கிலோமீற்றர். தம்புள்ளையைத் தாண்டியதும் மலைகள் தலைகாட்டத் தொடங்கும். மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்ததும் பஸ்ஸிலிருந்தபடியே கைகூப்பினோம். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய எம் முன்னோர், காட்டு வழியே நோயாலும் பசியாலும் பலரை இழந்து, மாத்தளை வரை கால்நடையாகவே வந்து மலையேறினார்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிடுவதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களின் காலத்திலேயே அந்த நடை தொடங்கிவிட்டது. அவர்கள் மலையைக் காண வரவில்லை. மலைக்குப் போக வந்தார்கள்.

அன்றிரவு அடுப்பருகே இருந்தபடி எங்கள் முடிவைச் சொன்னோம். அன்னையார் மகளின் தலையை வருடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் யாழ்ப்பாண வழக்கிலே "எங்களோட வாங்கோ அப்பம்மா" என்றாள். அண்ணனின் பிள்ளைகளோ "அப்பாயி போகக்கூடாது" என்று ஒட்டிக்கொண்டார்கள்.

"எங்க அக்காவ இப்பிடித்தான் தம்பி ஏத்தி விட்டோம்" என்றார் அன்னையார்.

எங்கள் பெரியம்மாவின் கதை நாம் கேட்டு வளர்ந்ததே. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இலே சரிபாதியாய்ப் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்திலே ஒருவர் இந்தியாவுக்கும் அடுத்தவர் இலங்கைக்கும் உரியவரானார்கள். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பெரியம்மாவும் அதிலே போனார். தமிழகத்தின் சமவெளியில் அவர்கள் நெடுநாள் தங்கவில்லை. நீலகிரிக்கு ஏறிக் கோத்தகிரிப் பக்கத்திலே மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென 1968இலே தமிழக அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. மலையேக்கம் அவர்களை ஏற்றியதோ, அறிந்த தொழில் அதுவொன்றே என்பது ஏற்றியதோ, யாம் சொல்லமாட்டோம். பெரியம்மா எழுதிய கடிதங்களில் இரண்டும் இருந்தன.

"நான் வந்துட்டா ஒங்கப்பாவ யாரு பாக்குறது?" என்று அன்னையார் மேலும் கேட்டார்.

எம் தந்தையார் ஐந்தாம் நம்பர் மலையிலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே அடக்கமாகியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் கவ்வாத்து வெட்டிய மலை அது. அவருக்கு அங்கே கல்லறை இல்லை. அன்னையார் நட்ட ஒரு செம்பருத்தி மாத்திரம் உண்டு. அந்த ஆறடி நிலத்துக்கும் எங்களிடம் உறுதி கிடையாது.

"அப்படியானால் மண்மேட்டின் அடியிலேயே இருப்பதா அம்மா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம்.

"அப்பிடி யாரு சொன்னா? இந்த மலை மேலயே, சரியாத எடமாப் பாத்து ஒரு துண்டு நெலம் வேணும். நம்ம பேருல வேணும். மலைக்கெல்லாம் நம்பரு வச்சிருக்காங்க. நம்ம வீட்டுக் கதவுக்கு ஒரு நம்பரு இருக்கா?"

நாம் வாயடைத்துப் போனோம். இலக்கமிட்ட மலைகளுக்கு நடுவே இலக்கமில்லாத வீட்டிலேதான் நாம் வளர்ந்தோம். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. எமது பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் அங்கே பதினொரு நாட்கள் கிடந்தது. இன்னும் நான்கு நாள் கிடந்திருந்தால் பதிவுக்குரிய திகதி கடந்திருக்கும்; இப்பத்தியை எழுதவும் ஆள் இருந்திராது. 7 பேர்ச் காணியிலே தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் பல தோட்டங்களில் நடைபெற்றிருப்பது உண்மை; இந்திய உதவியோடும் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துள்ளன. எங்கள் லயத்துக்கு அது எட்டவில்லை.

அன்னையார் எங்களோடு வரவில்லை. மூன்று நாட்கள் அங்கே இருந்தோம். இம்முறை மலைகளைப் பார்த்து நிற்க நேரம் வாய்க்கவில்லை. அண்ணனோடு சேர்ந்து மேட்டின்மேல் நீர் வடிகான் வெட்டினோம். லயத்தார் எல்லோரையும் கூட்டி, மண் உறுதியான இடத்திலே காணியும் அதற்கு உறுதியும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினோம். முப்பத்தொரு பேர் ஒப்பமிட்டார்கள். அன்னையார் பெருவிரலை மையில் தோய்க்காமல், நாம் சிறுவயதிற் கற்றுக் கொடுத்த எழுத்துக்களை ஒவ்வொன்றாய் எழுதித் தம் பெயரை முடித்தார். முகவரி என்ற இடத்தை எதைக்கொண்டு நிரப்புவதென்று எல்லோரும் சிறிது நேரம் யோசித்தோம். புறப்படும்போது ஒரு பொட்டலம் தேயிலைத் தூளை எம் பையில் வைத்தார். அதற்கு இதுவரை பதில் வரவில்லை, விண்ணப்பத்தைச் சொல்கிறோம். தூளை நாள்தோறும் குடிக்கிறோம்.

பிறந்த மண்ணை நினைந்து ஏங்குதல் தீதன்று. ஊரை விட்டு வந்து நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர்க்கெல்லாம் அது பொது. ஆனால் ஏக்கம் என்பது விட்டு வந்தவனுக்கு எளிது. அங்கேயே இருப்பவருக்கு அந்த மண் வேலையாகவும் கடனாகவும் சில இரவுகளில் அச்சமாகவும் இருக்கிறது. மலையைக் காணப் போகிறவர், முதலில் வீட்டுப் பக்கம் திரும்பி, அடுப்படியில் நிற்பவரிடம் என்ன வேண்டுமென்று கேட்டுவிட்டுப் பின்னர் மலையைப் பார்க்கலாம். அது எங்கும் போய்விடாது என்று முன்பெல்லாம் சொல்லியிருப்போம். இப்பொழுது அப்படியும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அந்த மாணவனை ஓய்வறைக்கு அழைத்தோம். சிரித்ததற்குத் தண்டனையோ என்று அஞ்சி வந்தான். "தம்பி, வருகிற விடுமுறையில் உன் தந்தையாரிடம் அனுமதி பெற்று எங்களோடு வா. மலையைக் காட்டுகிறோம். அங்கே எம் அம்மா இருக்கிறார். அவரிடம் மலை எப்படி இருக்கும் என்று கேளாதே, மலைக்கு எத்தனை வருடம் போனீர்கள் என்று கேள்" என்றோம்.

அவன் விளங்காமல் விழித்தான். அங்கே வந்தால் விளங்கிக்கொள்வான்.